எனக்கு ஒரு சோலி இருக்கு

வணக்கம் சார்,

நான் மண்டபம் பக்கம் ஒரு கடல் உணவுக் கம்பெனி ஆபீசில் இரண்டு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். பி.காம். முடித்தவள். சம்பளம் 11,000. மீன்பிடித் தடைக்காலத்தில் அதிலும் பாதிதான். மதுரையில் ஒரு நிறுவனத்துக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். வரும் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு இன்டர்வியூ என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

லீவு எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. அம்மா, "வயித்து வலின்னு சொல்லிரு" என்கிறார். கூட வேலை பார்க்கும் அக்கா, "சொல்லாமலே போயிரு, வந்து பாத்துக்கலாம்" என்கிறார். முதலாளி வெளி ஆள் இல்லை. சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர், "பிள்ள" என்றுதான் கூப்பிடுவார். அப்பாவுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. அதற்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பதும் அவர்தான். நான் வேறு வேலை தேடுவது தெரிந்தால் அப்பாவின் படகுக்கு ஏதாவது வருமோ என்று பயமாக இருக்கிறது. இதற்கென்று சட்டத்தில் லீவு உண்டா? பொய் சொல்லலாமா?

பெயர் போட வேண்டாம் சார்.

*

அன்புள்ள தங்கச்சி,

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். இன்டர்வியூவுக்குப் போக என்று பெயர் சொல்லி லீவு தரும் சட்டம் நம்மிடம் இல்லை. ஜெர்மனியில், நிரந்தர வேலையில் இருப்பவருக்கு நோட்டீஸ் ஆகிவிட்டால், அடுத்த வேலை தேடிக்கொள்ள அவர் கேட்டால் நியாயமான அளவு நேரத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும். நமக்கு இருப்பது கடை, நிறுவனங்களுக்கான தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி நியாயமான எந்தக் காரணத்துக்கும் வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு எடுக்கலாம். உடம்பு சரியில்லாமல் போனால் அதற்குத் தனியாக 12 நாள். அம்மாவிடம் சொல்லுங்கள், வயிற்று வலிக்கென்று உள்ள லீவை நிஜமான வயிற்று வலிக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் கம்பெனி தொழிற்சாலையாகப் பதிவாகி நீங்களும் அந்தக் கணக்கில் வந்தால் விதி வேறு. வேலை பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் என்று லீவு சேரும். எதுவானாலும் ரெஜிஸ்டரில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுகிறவர் பெயரே இல்லாத ரெஜிஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் இருப்பவர்களுக்கு உங்கள் கவலை புரியாது. அவர்கள் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி இன்டர்வியூவை முடித்துக்கொண்டு, டீ நேரத்துக்குச் சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மண்டபத்திலிருந்து மதுரை போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்பி வர அதே அளவு. இருபது நிமிஷப் பேச்சுக்கு ஒரு முழு நாள் போய்விடும். ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு இன்னும் கூடுதல். பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நின்ற ரயில் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் திரும்ப ஓடியது. அதுவரை ராமேஸ்வரத்துப் பிள்ளைகள் இருட்டிலேயே பஸ் பிடித்து இக்கரைக்கு வந்துதான் ரயில் ஏறினார்கள். ஆக, நம் ஊரில் சத்தமில்லாமல் போய்விட்டு வருவது நடக்காத காரியம். ஒரு நாள் உங்கள் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அதற்கு என்ன சொல்வது என்பதுதான் கேள்வி.

பொய் சொல்லலாமா என்று கேட்டீர்கள். நான் சொல்லியிருக்கிறேன், எப்படிப் போனது என்று கேளுங்கள்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கரையோரத்தில் ஓர் இறால் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு லாரி ஆபீசில் பதினொன்றரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். "அண்ணே, கண்ணு மங்கலாத் தெரியுது. மதுரையில காட்டிட்டு வந்துர்றேன்" என்றேன். நம் பக்கத்தில் கண் என்றால் மதுரைதானே, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். முதலாளி நல்ல மனிதர், சிக்கலே அங்கேதான் வந்தது. "அட, எங்க அம்மாவும் ஒரு மாசமா அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கு. நீ போறதுதானே, கூடவே கூட்டிட்டுப் போயிரு" என்று சொல்லி 200 ரூபாயை என் சட்டைப்பையில் செருகினார்.

முதல் பஸ்ஸில் அந்த அம்மா மடியில் ஒரு தூக்குச்சட்டி புளிச்சோற்றோடு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, சுவரில் எழுத்தைப் படிக்கச் சொல்லி, அப்புறம் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்துச் சொட்டு மருந்து விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, இன்னும் கண் பாப்பா விரியவில்லை என்று மறுபடி ஒரு சொட்டு. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதில் பதினொன்றேகால் ஆனபோது எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் போயிராத தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். பன்னிரண்டு மணிக்கும் அந்தச் சட்டை நுனி அவர் கையில்தான் இருந்தது.

திரும்பி வரும்போது பரமக்குடி தாண்டியதும் கேட்டார். "என்னைய மட்டுந்தான பாத்தாக. உனக்குப் பாக்கலையே தம்பி?" கூட்டமாக இருந்தது, அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் தூக்குச்சட்டியைத் திறந்து மிச்சச் சோற்றை என் பக்கம் நீட்டினார். மறுநாளிலிருந்து முதலாளி தினமும் "கண்ணு எப்படிடா இருக்கு?" என்று விசாரிப்பார். ஒரு மாதம் லெட்ஜரைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பார்த்தேன்.

அடுத்த இன்டர்வியூவுக்கு வீம்பாக முழு உண்மையையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே லீவு கொடுத்தார். திங்கட்கிழமை போனால் என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் அவருடைய அக்கா மகன். "சும்மா, தொழில் கத்துக்கட்டும்." அந்த வேலையும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆறு மாதம் அந்தப் பையன் என் பேனா போகும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது வழியைக் கம்பெனியில் இறால் உரித்த அக்காமாரிடம்தான் கற்றுக்கொண்டேன். யாராவது ஒருத்தி முதல் நாள் சாயங்காலம் கை கழுவிக்கொண்டே, "நாளைக்கு எனக்கு ஒரு சோலி இருக்கு, வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். என்ன சோலி என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவள், வராத நாள் அவள் நஷ்டம். அதனால்தான் யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தில் பொய் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. நானும் அதையே சொல்லிப் போனேன். அந்தத் தடவை வேலை கிடைத்தது.

ஆகவே நீங்களும் அதைச் சொன்னால் போதும். ஆனால் செவ்வாய்க்கிழமை வேண்டாம். ஏன் என்று உங்களுக்கே தெரியும். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரைக்கு வருகின்றன. செவ்வாய்க்கிழமை காலை உங்கள் கம்பெனியில் எடை போடுகிற சத்தத்துக்கும் ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கும் நடுவில் பில் போட ஆள் இல்லையென்றால் எந்த முதலாளிக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். மதுரைக்குப் போன் போட்டு, "செவ்வாய் எங்களுக்குச் சரக்கு வரும் நாள், வெள்ளிக்கிழமை வரலாமா?" என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் இதைக் கேட்பதே இல்லை. கூப்பிட்டதே பெரிது என்று நினைத்துவிடுகிறார்கள். கேட்டதற்காக யாரும் பட்டியலிலிருந்து பெயரை அடிக்கப்போவதில்லை. கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் அந்தக் காரணத்தைக் கேட்டால் உங்களைப் பற்றி நல்லதாகத்தான் நினைப்பார். முடியாது என்று சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமையே போங்கள். பில் போட யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ராத்திரி வாட்ஸ்அப்பில் லீவு கேட்காதீர்கள். ஏலம் நடக்கும்போதும் வேண்டாம். மத்தியானம் சரக்கு வண்டி கிளம்பிப் போனதும் முதலாளி ஒரு டீ குடிப்பார் இல்லையா, அப்போது கேளுங்கள். "அண்ணே, வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு வேணும். மதுரையில ஒரு சோலி இருக்கு. வியாழக்கிழமையே எல்லாப் பில்லையும் முடிச்சு வச்சிருவேன்." இவ்வளவுதான். என்ன சோலி என்று கேட்டால், "முடிஞ்சதும் சொல்றேண்ணே." சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர், விடாமல், "வேற வேலை தேடுறியா பிள்ள?" என்று நேராகவே கேட்டாலும் கேட்பார். கேட்டுவிட்டால், "ஆமாண்ணே, கூப்பிட்டிருக்காங்க, கிடைக்குமான்னு தெரியல" என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, கிடைத்த பிறகு அவர் முகத்தில் விழிக்க முடியாது. பக்கத்தில் ஸ்டூல் வந்தால் வரட்டும்.

அப்பாவின் படகு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நிஜமாகப் பயப்படுவது இதற்குத்தான் என்று கடிதத்தைப் படித்ததும் தெரிந்தது.

அட்வான்ஸ் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வலை வாங்க, இன்ஜின் வேலை பார்க்க என்று வியாபாரி படகுக்காரருக்குப் பணம் கொடுப்பார். பெரும்பாலும் வட்டி என்று எழுத மாட்டார்கள். பதிலுக்குப் படகில் வரும் இறாலும் நண்டும் கணவாயும் அவருக்கே போக வேண்டும், அவர் போடும் விலைக்கு. வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால் பாக்கியை அடைத்துவிட்டு மாறலாம். பல சமயம் புதுக் கம்பெனிக்காரரே பழைய பாக்கியை அடைத்துக் கூட்டிப்போவார். படகில் போகும் ஆட்களுக்கும் இதே வழக்கம்தான். ஜூன் 14ஆம் தேதியோடு 61 நாள் தடை முடிந்ததும் எத்தனை பேர் படகு மாறுகிறார்கள் என்று பாருங்கள். பழைய ஓனரிடம் வாங்கியதைத் தீர்த்துவிட்டு அடுத்த படகில் ஏறுகிறவனை யாரும் நன்றி கெட்டவன் என்று சொல்வதில்லை. கணக்கு முடித்தாயா என்று மட்டும்தான் கேட்பார்கள். ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளைக்கு மட்டும் அது எப்படித் துரோகமாகும்? உங்கள் பெயரில் அங்கே பாக்கி எதுவும் இல்லையே.

ஆனாலும் எதுவும் ஆகாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மனதில் வைத்துக்கொண்டு விலையில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கிறவர்களும் உண்டு. அதனால் முதலாளியிடம் லீவு கேட்பதற்கு முந்திய நாள் ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். இறங்குதளத்தில் வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது. பாக்கி எவ்வளவு என்று அவர் ஒரு தொகை சொல்வார். கம்பெனி கம்ப்யூட்டரில் டேலி கணக்கில் அவர் பெயரில் ஒரு லெட்ஜர் இருக்கிறது, அதை எழுதுவதே நீங்கள்தான். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று நீங்கள் அங்கே வேலையில் இருக்கும்போதே அப்பாவை முதலாளியிடம் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றப் படகுகளின் கணக்கை உங்கள் தலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் உட்கார்ந்திருப்பவர் ஆர்வத்தில், "உங்க கம்பெனி என்ன விலைக்கு எடுக்குது?" என்று கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். சான்றிதழ் ஃபைலைக் கம்பெனி அலமாரியில் வைத்திருந்தால் இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய், பிரித்து, இரண்டு நாள் காற்றாட வையுங்கள். காகிதம் மீன் வாடையைக் குடித்துவிடும். நமக்கு அது தெரியாது. எனக்கு மதுரையில் எதிரே இருந்தவர் என் மார்க் ஷீட்டைப் பிரித்ததும் ஜன்னலைத் திறக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார்களா என்று எழுதுங்கள். இடத்தையும் சொன்னால், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கிருந்து எப்படிப் போவது என்று சொல்கிறேன்.