சொன்னால் செய்கிறார், ஆனாலும் எனக்குத்தான் தலைவலி

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகள் மூன்றாம் வகுப்பு. சொன்ன வேலையை அவர் தட்டாமல் செய்கிறார். ஆனாலும் ராத்திரி நான்தான் களைத்துப்போய் எரிந்து விழுகிறேன். வேலையைச் சரிபாதியாகப் பிரித்துத் தரும் ஆன்லைன் பயிற்சி ஒன்றில் பணம் கட்டிச் சேரலாமா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. ஒவ்வொன்றையும் நீங்கள் சொல்ல வேண்டியிருப்பதுதான் உங்கள் களைப்புக்குக் காரணம். சோப்புத்தூள் தீரப்போவதைக் கவனிப்பதும், தடுப்பூசித் தேதியை ஞாபகம் வைப்பதும் வேலைதான். சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிந்தது. முடிவெடுக்கும்போது இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள்; முன்கூட்டி யோசிப்பதும், நடந்ததா என்று பார்ப்பதும் பெரும்பாலும் மனைவி தலையில் விழுகின்றன.

அதனால் ஒரு வேலையை முழுசாகக் கைமாற்றுங்கள். துணி அவர் பொறுப்பு என்றால் சோப்புத்தூள் வாங்குவது, திங்கட்கிழமைக்குள் சீருடை காய்வது, மடித்து அலமாரியில் வைப்பது வரை எல்லாமே அவருடையது. நீங்கள் நினைவூட்டக் கூடாது. அவர் மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடிக்கவும் கூடாது. ஒருநாள் ஈரச் சீருடையோடு அவரே திண்டாடட்டும்.

சரிபாதிக் கணக்கு சண்டையில்தான் முடியும். 1979இல் ராஸ், சிகோலி என்ற இரு ஆய்வாளர்கள், வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தம்பதிகளிடம் தனித்தனியாகக் கேட்டார்கள். இருவரும் சொன்ன பங்கைக் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. அவரவர் செய்தது அவரவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், அவ்வளவுதான். இந்த மனத்தாங்கலைக் காசாக்கத்தான் ‘தம்பதி பயிற்சியாளர்’ என்று பலர் கிளம்பியிருக்கிறார்கள். முதல் வகுப்பு இலவசம் என்பார்கள். நாலு கேள்வி கேட்டு, உங்கள் உறவு ஆபத்தில் இருப்பதாக ஒரு மதிப்பெண் காட்டுவார்கள். அப்புறம் மூன்று மாதக் கட்டணம். உளவியலிலோ குடும்ப ஆலோசனையிலோ என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் இணைப்பைத் துண்டியுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் கணவருக்கு மாறிமாறி ஷிப்ட் என்றால் தினமும் ஒரே நேரத்தில் செய்யவேண்டிய வேலையைக் கொடுக்காதீர்கள். காலையில் பிள்ளையைக் கிளப்புவது அவர் பொறுப்பு என்று வைத்தால், இரவு ஷிப்ட் வாரத்தில் அது தானாக உங்களிடம் திரும்பிவிடும். அடுத்த வாரம் அவருக்குப் பகல் ஷிப்ட் வந்தாலும் திரும்பப் போகாது. பலர் ஏமாறுவது இங்கேதான். ஷிப்ட் ஆட்களுக்கு எந்த நேரமும் செய்யக்கூடியவற்றைக் கொடுங்கள்: துணி, கட்டணங்கள், மாத மளிகை, குளியலறை. வாரத்துக்கு வாரம் பொறுப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். யார் முறை என்று ஞாபகம் வைக்கும் வேலையும் உங்களுக்கே வரும்.

இவ்வளவு செய்தாலும் வெளியே உள்ளவர்கள் ஒத்துழைப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடம் அம்மாவைத்தான் கூப்பிடும். அப்பா விடுப்பு கேட்டால் ‘வீட்டில் அவங்க இல்லையா?’ என்று மேலாளர் கேட்பார். எத்தனை காலம்தான் இப்படியே நடத்துவார்களோ! பள்ளிப் படிவத்தில் முதல் எண்ணாக அவருடைய எண்ணை எழுதுங்கள். அப்படியும் உங்களையே அழைத்தால், ‘அவரிடம் பேசுங்கள்’ என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.