சிங்கப்பூருக்கு 30 கிலோ: வளவில் பரப்பியதில் எதை எடுக்க, எதை விட?

"தேவகோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு முதல் வேலைக்குக் கிளம்புகிறேன், அண்ணே. தங்கப்போவது வாடகை அறையில். டிக்கெட்டில் 30 கிலோ, கையில் 7 கிலோ. அம்மாவும் அப்பத்தாவும் வளவு (வீட்டு உள்முற்றம்) கொள்ளாமல் சாமான் பரப்பிவிட்டார்கள். எதை எடுக்க, எதை விட?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

பெட்டியைத் திறக்குமுன் அறைக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சமைக்கலாமா என்று கேளுங்கள். இங்கே அறை விளம்பரங்களில் "லைட் குக்கிங்" என்று போட்டிருப்பார்கள். நூடுல்ஸ் வேகவைக்கலாம், பால் காய்ச்சலாம், தாளிக்கக்கூடாது என்பதுதான் அதற்குப் பெரும்பாலும் பொருள். "நோ குக்கிங்" என்றால் அதுவும் இல்லை. தாளிக்க முடியாத அறைக்கு 3 கிலோ மசாலாத்தூள் எதற்கு? சமைக்கலாம் என்றால் அடுப்பு கேஸா, இண்டக்‌ஷனா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அடிப்பகுதியில் இரும்புத் தகடு பதிக்காத அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடாகாது. ஒன்றரை, இரண்டு கிலோவைச் சுமந்து வந்து மூலையில் வைக்க வேண்டியதுதான். மிக்சியும் வேண்டாம். மின்சாரம் இங்கும் 230 வோல்ட்தான், நம்மூர் மிக்சி ஓடும். ஆனால் ஜார்களோடு சேர்த்தால் பெட்டியில் ஆறில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நம்மூர் மிக்சியே கிடைக்கிறது. பிளக் மட்டும் வேறு, மூன்று சதுரக் காலுள்ளது. அடாப்டர் ஒன்று போதும், வந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

இனி தின்பண்டம். செட்டிநாட்டு வீட்டில் எடை ஏறுவது எப்போதும் இதில்தான், துணியில் இல்லை.

முதலில் கசகசா. அது இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதால் மார்ஃபின் கலந்திருக்கலாம் என்று போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வைத்திருக்கிறார்கள். தனிப் பொட்டலமாக யாரும் வைக்கமாட்டார்கள். ஆபத்து அதில் இல்லை. குருமாப் பொடி, கறிமசாலா என்று அரைக்கும்போது அப்பத்தா கைப்பழக்கமாக இரண்டு கரண்டி சேர்த்துவிடுவார்கள். அரைக்குமுன்பே சொல்லிவிடுங்கள். கெட்டிப்படுவதற்கு இங்கே வந்து முந்திரியோ பொட்டுக்கடலையோ அரைத்து ஊற்றினால் போதும்.

உப்புக்கண்டமும் கூடாது. சிங்கப்பூர் அனுமதித்த நாடுகளின் இறைச்சியைத்தான் பயணிகள் கொண்டுவரலாம். நம் வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த ஆட்டுக்கறி அதில் சேராது. எத்தனை உறை போட்டுக் கட்டினாலும் ஸ்கேனரில் தெரியும்.

கவுனி அரிசி 2 கிலோ கட்டியிருப்பார்கள், சந்தேகமே இல்லை. எடுத்து வைத்துவிடுங்கள். இங்கே "புலுட் ஹீத்தாம்" என்று கேட்டால் கிடைக்கும் கறுப்புப் புட்டரிசி கவுனியின் சொந்தக்காரன்தான். மலாய்க்காரர்கள் அதில் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். நாம் வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுக்கொள்ளலாம். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, துவரம்பருப்பு, புளி, நல்லெண்ணெய் எல்லாம் சிராங்கூன் ரோட்டுத் தேக்கா சந்தைப் பக்கம் வாங்கலாம். விலை கூடத்தான். ஆனால் புளிக்காகக் கூடுதல் பேக்கேஜ் காசு கட்டினால் அதைவிடக் கூடிப்போகும்.

கடையில் கிடைக்காதது உங்கள் வீட்டுக் குழம்புத்தூளின் பக்குவம். ஆகவே அதற்கு இடம் கொடுங்கள். தனி ஆள், வாரம் நாலைந்து நாள் சமைத்தால் 1 கிலோ இரண்டு மாதத்துக்குமேல் வரும். மில்லில் அரைத்த சூட்டோடு கட்டக்கூடாது. தாளில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் சூடு உள்ளே வியர்த்து, பத்து நாளில் கட்டிதட்டிப் பூசணம் பிடிக்கும். 250 கிராமாக நாலு பொட்டலம், ஒவ்வொன்றுக்கும் இரட்டை ஜிப் உறை, மேலே ஆங்கிலத்தில் பெயர். இங்கே காற்றில் ஆண்டு முழுக்க ஈரம். ஒன்றை மட்டும் வெளியே வைத்து, மற்றதை ஃபிரிட்ஜில் போட்டுவிடுங்கள். தூள் வகையெல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும். மிளகாய்த்தூளைக் கைப்பையில் வைத்தால் திருச்சியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

சுண்டைவற்றல், மோர்மிளகாய், வடகம் கால் கால் கிலோ எடுக்கலாம், எடையில்லாத சாமான். பலகாரத்தில் சீப்புச்சீடை, மாவுருண்டை தாங்கும். மணகோலமும் தேன்குழலும் நொறுங்கி வரும், இடத்தையும் அடைக்கும். எவர்சில்வர் டப்பாவே அரைக் கிலோ நிற்கும். மெல்லிய பிளாஸ்டிக் டப்பா போதும். ஓலைக் கொட்டான் அழகுதான், பெட்டிக்குள் நசுங்கிவிடும்.

ஊறுகாய் எடுத்தே ஆகவேண்டும் என்றால் பாட்டிலை முக்கால்தான் நிரப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. மேலே போகும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும். பாட்டிலில் அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயை மூடி வழியே தள்ளும். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கழுத்துவரை நிரப்பி, வாயில் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் மூடியைத் திருகி, நிற்கிற நிலையில் உறைக்குள் கட்டுங்கள். கொப்பரையும் கற்பூரமும் வேண்டவே வேண்டாம், இரண்டும் தீப்பற்றும் சாமான். கற்பூரம் வந்தபின் வாங்கலாம். சாமி கும்பிட டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859-இல் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார், மூன்று வருடக் கணக்குக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் (தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கூடம்) ஒரு பெட்டியடியோடு, அதாவது ஒரு கணக்குப்பெட்டி வைக்கும் இடத்தோடு, காலந்தள்ளினார்கள். அப்பத்தா முறைத்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

துணிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். குளிர்காலம் என்று ஒன்று இல்லை. வருடம் முழுக்கப் புழுக்கம், மழை. ஏழு சட்டை, மூன்று பேண்ட், இரண்டு கைலி, ஒரு வேட்டி, ஆபீஸ் ஏசிக்கு மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று. ஜீன்ஸ் ஒன்றுக்குமேல் வேண்டாம். ஒவ்வொன்றும் முக்கால் கிலோ நிற்கும், நவம்பரிலிருந்து ஜனவரிவரை மழையில் காயவும் காயாது. தடித்த டர்க்கி டவலுக்கும் அதே கதி, இரண்டு ஈரிழைத் துண்டு போதும். ஜீன்ஸையும் ஷூவையும் பயணத்தன்று போட்டுக்கொண்டால் இரண்டு கிலோ மிச்சம். தலையணை, போர்வை அறையில் உண்டா என்பதையும் அந்த ஒரே போனில் கேட்டுவிடுங்கள்.

மருந்து மூன்று மாதத்துக்கு, அட்டைப்பெட்டி பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு. சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும். நம்மூர் பிராண்டு இங்கே யாருக்கும் தெரியாது. தூக்கமாத்திரை, கோடீன் கலந்த இருமல் டானிக் இவற்றுக்கு முன்அனுமதி தேவை. கண்ணாடி இரண்டு ஜோடி செய்துகொள்ளுங்கள். பல்லில் ஏதாவது இருந்தால் காரைக்குடியிலேயே பார்த்துவிட்டு ஏறுங்கள், இங்கே அந்தச் செலவு கண்ணைக் கட்டும். சூயிங்கம், ஹான்ஸ் மாதிரி மெல்லும் புகையிலை, இ-சிகரெட் எதுவும் கூடாது. சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது; ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்டவேண்டும்.

கைப்பையில் பாஸ்போர்ட், வேலை அனுமதிக் கடிதத்தின் அச்சுப்பிரதி, அசல் சான்றிதழ்கள், புகைப்படம், மருந்து, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் வேலைக்குப் போக முடிய வேண்டும். பவர்பேங்க் கையில்தான், பெரிய பெட்டியில் போடக்கூடாது. பேஸ்ட், எண்ணெய் எல்லாம் 100 மில்லிக்குள். எஸ்ஜி அரைவல் கார்டை (சிங்கப்பூர் குடிநுழைவுப் படிவம்) இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்புங்கள். அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

ஊரில் இன்னொரு சங்கடம் வரும். "எங்க மகன் அங்கதான் இருக்கான், இதைக் கொடுத்துருங்க தம்பி" என்று நாலு பேர் பொட்டலத்தோடு முகப்பில் வந்து நிற்பார்கள். ஒட்டிய பொட்டலத்தை வாங்காதீர்கள், உறவானாலும் சரி. உங்கள் கண்முன் பிரித்து வைத்தால் மட்டும், எடைக்கு இடம் இருந்தால் மட்டும். போதைப்பொருளுக்குத் தூக்குத்தண்டனை உள்ள நாடு இது; பெட்டி யார் பெயரில் வந்ததோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கசகசா விஷயம் அந்தப் பொட்டலம் கட்டியவருக்குத் தெரிந்திருக்கும் என்றும் நம்ப முடியாது.

24 அங்குலப் பெட்டி ஒன்றே போதும், வெறும் பெட்டி 4 கிலோவுக்குள் இருக்கட்டும். சாங்கியிலிருந்து ரயிலில் வந்தால் தானா மேராவில் மாறி ஏறவேண்டியிருக்கும். இரண்டாவது பெட்டி இருந்தால் டாக்சிதான். 28 கிலோவில் நிறுத்துங்கள், வீட்டுத் தராசு ஒரு கிலோ முன்பின் காட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் கணக்கு வந்துவிடும். கடைசியில் எடுக்க வேண்டி வரலாம் என்று தோன்றுகிற ஒன்றிரண்டை மேலாக வையுங்கள். வழியனுப்ப வருகிறவர் கையில் ஒரு வெறும் மஞ்சள் பையைக் கொடுத்து, நீங்கள் கவுண்டரைத் தாண்டும்வரை திருச்சி வாசலிலேயே நிற்கச் சொல்லுங்கள்.