வைட்டமின் டி உடம்பில் எப்படி வேலை செய்கிறது? அதன் ‘ஏற்பி’ என்றால் என்ன?

வைட்டமின் டி-யின் சேதியை வாங்கி, அதன்படி செல்லை வேலை செய்ய வைக்கும் புரதம்தான் ஏற்பி. இது குடல், எலும்பு, சிறுநீரகம் எனப் பல இடங்களில் செல்லின் கருவுக்குள் இருக்கிறது.

வெயிலின் புற ஊதா பி கதிர் பட்டதும், தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி-யாக மாறுகிறது. அதை அப்படியே பயன்படுத்த முடியாது. கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம், அப்புறம்தான் ஏற்பியோடு பொருந்தும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எலும்பும் பலவீனமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிறைய நின்றாலும், மதகைத் திறந்தால்தானே வயலுக்குப் பாயும்? நாம் சாப்பிடும் கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். அது ஏரித் தண்ணீர். வைட்டமின் டி, ‘திற’ என்று வரும் உத்தரவு. ஏற்பி, மதகைத் திறக்கும் ஆள். உத்தரவு கிடைத்ததும் ஏற்பி மரபணுக்களை முடுக்கிவிடும்; சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்குக் கடத்தும் புரதங்கள் உருவாகும். உத்தரவு வராவிட்டால் உணவிலுள்ளதில் 10 முதல் 15 சதவீதமே உள்ளே போகும். வந்தால் 30 முதல் 40 சதவீதம்.

“வேலூர் வெயிலில் இருக்கிற நமக்கு வைட்டமின் டி குறையே வராது” என்று பலரும் நம்புகிறார்கள், அது சரியில்லை: வைட்டமின் டி-யை உண்டாக்குவது சூடு அல்ல, தோலில் நேராகப் படும் அந்தக் கதிர்தான், கண்ணாடி ஜன்னல் வழியாக அது அநேகமாக வராது.