பாக்கெட்டில் எந்தத் தேதியைப் பார்ப்பது?

கேள்வி: சேமியா பாக்கெட்டில் ‘பெஸ்ட் பிஃபோர்’ ஒரு தேதி, ‘எக்ஸ்பைரி’ வேறொரு தேதி. முதல் தேதி தாண்டிப் பத்து நாள் ஆகிறது. கொட்டிவிடவா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வேண்டாம். பெஸ்ட் பிஃபோர் என்பது ருசிக்கும் மணத்துக்கும் கம்பெனி சொல்லும் கெடு. அது தாண்டினால் சேமியா சற்றுச் சப்பென்றிருக்கலாம், அவ்வளவுதான். எக்ஸ்பைரி, யூஸ் பை இரண்டும் அப்படியல்ல. அந்தத் தேதிக்குப் பிறகு கடைக்காரர் விற்கவே கூடாது, நாமும் சாப்பிடக் கூடாது. மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 லேபிள் விதிப்படி, தயாரித்த அல்லது பேக் செய்த தேதியோடு எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை தேதி கட்டாயம். பெஸ்ட் பிஃபோர் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தத் தேதிகளெல்லாம் பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான். ஜூலை மழையில் கிளிப் மாட்டி வைத்த ரவைக்கு எக்ஸ்பைரி மூன்று மாதம் பாக்கி இருந்தாலும் வண்டு காத்திருக்காது. பிரித்த அன்றே சிறு தீயில், கைபொறுக்காத சூடு வரும்வரை நிறம் மாறாமல் வறுத்து, முழுக்க ஆறிய பின் டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடி உள்பக்கம் வேர்த்து, அந்த ஈரத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். தேதி அச்சிட்ட துண்டை வெட்டி டப்பாவின் வெளியே ஒட்டிவிட்டால், பின்னால் ஊகிக்க வேண்டியிருக்காது.

கேள்வி: இட்லி மாவு பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. யூஸ் பை தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: மாவு புளிக்கும்போது வாயு வரும், உப்பியது மட்டுமே கெட்டதற்கு அடையாளமில்லை. தேதியின் பக்கத்தில் எத்தனை டிகிரிக்குக் கீழ் வைக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். கடை வாசலில் வெயிலில் கிடந்த பாக்கெட்டுக்கு அந்தத் தேதி பொருந்தாது. வெறும் புளிப்பு வாடை என்றால் தோசைக்கு ஆகும். ரோஸ், கறுப்புத் திட்டோ அழுகல் நாற்றமோ இருந்தால் மொத்தத்தையும் கொட்டுங்கள். மேலாக வழித்துவிட்டு மிச்சத்தை ஊற்றுவது தப்பு. பால் பாக்கெட்டோ டின்னோ உப்பியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது, தேதி எதுவானாலும் குப்பைதான்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பொருள் எக்ஸ்பைரிக்குப் பத்து நாள் முன்பு வந்து சேர்ந்தது. கேட்க முடியுமா?
– வாசகி, முலுண்ட், மும்பை

பதில்: தாராளமாக. வீட்டுக்கு வரும்போது மொத்த ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது எக்ஸ்பைரிக்கு 45 நாளாவது மிச்சமிருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஆன்லைன் நிறுவனங்களிடம் சொல்லியிருக்கிறது. பிரிக்கும் முன் தேதியும் பேட்ச் எண்ணும் தெரியும்படி போட்டோ எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள்.