தடைக்காலம் காட்டிப் பேறுகாலச் சம்பளத்தை மறுக்கலாமா?

கேள்வி: இறால், நண்டு பதப்படுத்தும் கம்பெனியில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை. கிலோக் கணக்கில் கூலி. எனக்கு இது ஐந்தாம் மாதம், முதல் குழந்தை. 'கிலோக் கூலிக்கு லீவுச் சம்பளம் கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் நீ வேலைக்கே வரவில்லை' என்கிறார்கள். சரியா?
– வாசகி, மண்டபம்

பதில்: இரண்டுமே தவறு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. உங்கள் உரிமை குறையவில்லை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தை இருந்தால் 12 வாரம்தான்.

பார்க்க வேண்டியது ஒரே கணக்கு: டாக்டர் குறித்த பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தின் 61 நாளைக் கழித்தாலும் மீதிப் பத்து மாதத்தில் 80 நாள் தேறிவிடும். ஆட்குறைப்பு இல்லாமல், பெயர் பதிவேட்டில் இருக்க, சரக்கில்லை என்று கம்பெனியே 'லே-ஆஃப்' (தற்காலிக வேலை நிறுத்தம்) கொடுத்திருந்தால் அந்த நாட்களும் சேரும். சிக்கல் எங்கே வரும் என்றால், நடுவில் ஒப்பந்தக்காரர் மாறும்போது. பழையவரிடம் பார்த்த நாளைப் புதியவர் ஏற்க மாட்டார். எனவே எடைச் சீட்டு, வருகை அட்டை, கூலி வந்த வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

தொகையிலும் கவனம் வேண்டும். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் 60 நாள் வேலை செய்து 27,000 ரூபாய் வாங்கியிருந்தால், நாள் கூலி 450. அதை 182 நாளால் பெருக்க வேண்டும்: 81,900 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 156 நாளுக்கு 70,200 கொடுப்பது வழக்கமான தில்லுமுல்லு. ஞாயிறும் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. பிரசவத்துக்கு முந்தைய பங்கை முன்பணமாகவும், மீதியைப் பிறப்புச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும். கூலியில் இ.எஸ்.ஐ. பிடித்தால் கம்பெனியிடம் அல்ல, இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

கேள்வி: கடல்பாசி எடுக்கிறேன். எனக்கு ஏதாவது உண்டா?
– வாசகி, பாம்பன்

பதில்: முதலாளி இல்லாததால் விடுப்புச் சம்பளம் இல்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் உண்டு: 14,000 பணம், 4,000 மதிப்பில் ஊட்டச்சத்துப் பெட்டகம். 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்குங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனால் அங்கே புதிதாகப் பதியாதீர்கள். அதே எண்ணைக் கொடுங்கள். இரண்டு பதிவு இருந்தால் தவணை சிக்கும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதார் இணைப்போடு இருக்கட்டும். கணவர் கணக்கு உதவாது.

கேள்வி: ஜவுளிக்கடையில் 14 பேர் இருக்கிறோம். 'எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்மா, பிள்ளை பெற்றதும் வா' என்கிறார் முதலாளி.
– வாசகி, ராமநாதபுரம்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கும் இதே 26 வாரம் உண்டு. விடுப்பில் இருப்பவரை நீக்குவது குற்றம். ராஜினாமாக் கடிதம் இருந்தால் மட்டும் 'தானாகவே போனார்' என்று அவர் தப்பிப்பார். விடுப்பு விண்ணப்பத்தை ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதியோடு அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அப்படியும் நீக்கினால் 60 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். கடையில் குழந்தைகள் காப்பகம் கேட்க முடியாது, அதற்கு 50 பேர் வேண்டும். பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, உங்களுக்கு உண்டு.