டியூக்ஸ், மாலி, நீவ்: எல்லாமே முஷ்டிதானா?

வாசகர் ஒருத்தர் கேக்குறார்: 19ம் நூற்றாண்டு லண்டன் குத்துச்சண்டை கதை ஒண்ண மொழிபெயர்க்கிறேன், டியூக்ஸ், மாலி, பஞ்ச் ஆஃப் ஃபைவ்ஸ், நீவ்னு மாத்தி மாத்தி வருது, அகராதியில எல்லாமே மூடின கைன்னு இருக்கு, முஷ்டின்னே போட்டுடலாமா?

தயவுசெஞ்சு போடாதீங்க. முஷ்டின்னா நமக்குப் புராண வாசனை அடிக்கும், இதெல்லாம் கிளவுஸ் இல்லாம வெறுங்கையால ரத்தம் வர அடிச்சுக்கிட்டவங்க வாயில புழங்குன சொல்லு, கிளவுஸோட சண்டைங்கிற குயின்ஸ்பெரி ரூல்ஸே 1867லதான் வந்துச்சு.

பஞ்ச் ஆஃப் ஃபைவ்ஸ்னா அஞ்சு விரலும் சேர்ந்த கொத்து, 1820கள்லயே புழக்கத்துல இருந்தது. உடனே "அஞ்சு விரலும் பதியும்"னு எழுதத் தோணும், ஆனா நம்ம ஊர்ல அது கன்னத்துல விடுற அறை, குத்து இல்ல. கும்மாங்குத்துன்னு போட்டா சரியா உக்காரும். டியூக்ஸ்ங்கிறது, டியூக் ஆஃப் யார்க்னு எதுகைக்காக ஃபோர்க்குக்கு, அதாவது விரலுக்கு, வச்ச பேர்லருந்து சுருங்குனதுன்னு ஒரு விளக்கம் சொல்லுவாங்க. எதுவா இருந்தாலும் டியூக்ங்கிற பிரபுப் பட்டத்தோட அர்த்தத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் கிடையாது. "புட் அப் யுவர் டியூக்ஸ்"ங்கிறத "கையத் தூக்கு"ன்னு எழுதிட்டா சரணடையச் சொன்ன மாதிரி ஆயிடும், "முட்டிய மடக்குடா, வா பாத்துரலாம்"னு எழுதுங்க. முட்டின்னா முழங்காலும்தானே, அதனால முதல் தடவை கைமுட்டின்னு தெளிவா சொல்லிடுங்க.

நிஜமான ஆபத்து இனிமேதான். இந்தச் சொல்லுங்கள்ல பல அடிக்கிற கைக்கும் வரும், குலுக்குற கைக்கும் வரும். பிரான்சிஸ் க்ரோஸ் 1785ல போட்ட கொச்சைமொழி அகராதியில டாடில்ஸ்னா கைகள், "டிப் அஸ் யுவர் டாடில்"னா கையக் குடுப்பான்னு அர்த்தம். மாலியும் அப்படித்தான் வரும். நீவ் இன்னும் பழசு, ஸ்காண்டிநேவியாவுல பேசுன பழைய நார்ஸ் மொழியோட ஹ்னெஃபிங்கிற சொல்லுலருந்து வந்து வட இங்கிலாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் தங்கிடுச்சு. ஷேக்ஸ்பியரோட மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்ல, கழுதைத்தலையோட உக்காந்திருக்கிற பாட்டம் குட்டித் தேவதை மஸ்டர்ட்சீட்கிட்ட "உன் நீஃபக் குடு"ன்னு கேக்குறான் (நீஃப்ங்கிறது நீவோட இன்னொரு வடிவம்தான்), அங்க போய் முஷ்டின்னு எழுதுனா காட்சியே கெட்டுடும், அவன் ஆசையா கை குலுக்கத்தான் கேக்குறான். அதே சொல்ல ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786ல ஹாகிஸ்ங்கிற அந்த ஊர் இறைச்சிப் பண்டம் பத்தின கவிதையில நாட்டுப்புறத்தானோட கைக்குப் போட்டிருக்கார், வாள் புடிச்ச பெரிய முரட்டுக்கை அது. ஒரே சொல்லு, ரெண்டு கை!

அதனால பெயர்ச்சொல்ல விட்டுட்டு வினைச்சொல்லப் பாருங்க. உங்க கதையில மாலிக்குப் பக்கத்துல டிப்னு இருந்தா குடுன்னு அர்த்தம், "கையக் குடுய்யா"ன்னு எழுதிடுங்க. நீவ்னு பேசுறவன் வடக்கத்திக்காரனான்னும் பாத்துக்குங்க, அப்படின்னா அந்த ஆளுக்கு மட்டும் உங்க ஊர்ப் பேச்சக் குடுங்க, லண்டன்காரங்க பேச்சுலருந்து அது தனியாக் கேக்கணும்.