ட்ரிங்கோமலி

அன்பின் ஐயா,

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். 'ஃப' வரவேண்டிய இடத்தில் எனக்கு 'ப' வந்துவிடுகிறது. மேலாளர் விருந்தினர் முன்னாலேயே திருத்துகிறார். இனித் தொலைபேசியை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். என் ஆங்கிலம் அவ்வளவுதான், மன்னிக்கவும். கொழும்பில் மூன்று மாத உச்சரிப்பு வகுப்பு ஒன்று இருக்கிறதாம். சேரலாமா?

உப்புவெளி வாசகி

அன்பின் பிள்ளைக்கு,

அந்த 'மன்னிக்கவும்' எதற்கு? யாரிடம் கேட்கிறீர்கள்? எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு சொல்லில்தான்.

நம் ஊரின் பெயர் திருகோணமலை. கப்பலில் வந்தவர்களின் வாயில் அது நுழையவில்லை. போர்த்துக்கேயர் ஒரு விதமாகச் சிதைத்தார்கள், ஒல்லாந்தர் இன்னொரு விதமாக. ஆங்கிலேயர் ட்ரிங்கோமலி என்று வரைபடத்திலேயே எழுதிவிட்டு, 1957 இல் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துப் போனார்கள். பெயர்ப்பலகையில் இன்றும் அதுதான் நிற்கிறது. மூன்றுசுழி ணகரத்தை விழுங்கியவர்களை யாராவது உச்சரிப்பு வகுப்புக்கு அனுப்பினார்களா? உங்கள் மேலாளரும் 'ட்ரிங்கோ' என்றுதான் சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

நாமும் இலேசுப்பட்டவர்கள் அல்லர். அலுவலகத்துக்கான ஒல்லாந்தச் சொல்லைக் கந்தோர் ஆக்கினோம், காலணிக்கான போர்த்துக்கேயச் சொல்லைச் சப்பாத்து ஆக்கினோம். என் அப்பாச்சி வெட்கப்படாமல் இரண்டையும் சொன்னார். ஆங்கிலத்தோடுதான் வெட்கமும் வந்து இறங்கியது. சிங்களத்தில் ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்று ஒரு பெயர் உண்டு. வாள் என்று பொருள்.

சட்டம் காப்பாற்றுமா என்று கேட்காதீர்கள். ஹவாயில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் எழுத்தர் வேலைக்கான தேர்வில் 721 பேரில் முதலாவதாக வந்தார். உச்சரிப்பைக் காட்டி வேலை மறுத்தார்கள். 1989 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தவர்கள் பக்கமே நின்றது.

நான் யோக்கியன்போல எழுதிக்கொண்டு போகிறேன். எண்பதுகளில் கொழும்பில் வேலை பார்த்தபோது, மூதூரிலிருந்து ஓர் இளைஞன் எங்கள் கந்தோரில் சேர்ந்தான். ஃபைலைப் 'பைல்' என்பான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அவனைப்போலப் பேசிக் காட்டினேன். மேசையே சிரித்தது, அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு தொலைபேசி அடித்தால் அவன் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்ப்பான். மறுபடி கட்டுவான். வேறு யாராவது எடுக்கும்வரை தலை மேசைக்கு மேலே வராது. கணக்கில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன். ஆறு மாதத்தில் போய்விட்டான். நான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வகுப்பா? மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதினால் அந்த ஒலி வந்துவிடும். அதற்கு மூன்று மாதமும் கொழும்பு பஸ் காசும் எதற்கு? உங்கள் பேச்சு விளங்கவில்லை என்று இதுவரை எத்தனை விருந்தினர் முறையிட்டார்கள் என்று மேலாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள். அதிலும் 'மன்னிக்கவும்' என்று இருந்தால் மேற்கொண்டு வாசிக்க மாட்டேன்.